நிலத்தில் சம்பாதித்தவர் முதல் பந்தயக் குதிரை வாங்கும் முன்

கையில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் ஆரம்பித்து, ஒரு வீடு கட்டி விற்று, அதில் வந்த பணத்தில் இரண்டு மனை வாங்கி, அப்படியே அடுக்குமாடி, வணிக வளாகம் என்று வளர்ந்தவர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் குதிரை ஆசை வந்துவிடுகிறது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், எனக்கும் குதிரை என்றால் உயிர். ஆனால் உங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்த தொழில் புத்தியை அப்படியே லாயத்துக்குள் கொண்டுபோனால் பாதி கைகொடுக்கும், மீதி காலை வாரிவிடும். எந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

காலை வாருவதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தைக் கொஞ்சம் அதிக விலைக்கே வாங்கிவிட்டாலும், விற்காமல் பிடித்து வைத்திருந்தால் பல நேரம் காலமே காப்பாற்றிவிடும். குதிரையில் அந்தக் காலம்தான் எதிரி. சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை தினம் கிட்டத்தட்ட 10 கிலோ தீவனம் தின்னும், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும், ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதாமாதம் பில் வரும். சமதளப் பந்தயக் குதிரை 2 அல்லது 3 வயதில் ஓட ஆரம்பித்தால் 5, 6 வயதுக்குள் அதன் ஓட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். தடை தாண்டும் பந்தயத்தில் 10, 12 வயது வரை போகும், அவ்வளவுதான். பிடித்து வைத்து விலை ஏற்றலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. இரண்டாவது, கடன். நிலத்தின் மேல் கடன் வாங்கி அடுத்த நிலத்தை வாங்கிப் பழகியவர்களுக்குக் கடன் பயமே விட்டுப்போயிருக்கும். ஆனால் அடமானம் வைத்த கட்டடம் ராத்திரி வயிற்று வலி வந்து காலையில் செத்துப்போகாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, குடலில் சிக்கல் வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. அதனால் குதிரைக்காக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள்.

ஆக முதல் வேலை குதிரை பார்ப்பது அல்ல, தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குவது. குதிரையின் விலை, அதோடு இரண்டு வருடப் பராமரிப்புச் செலவு, இரண்டையும் முதல் நாளே அதில் போட்டுவிடுங்கள். தொழில் கணக்குக்கும் இதற்கும் ஒட்டும் இருக்கக்கூடாது உறவும் இருக்கக்கூடாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மனைத் தொழில் படுக்கும்போது குதிரைச் சந்தையும் சேர்ந்தே படுக்கும். 2008-க்குப் பிறகு அயர்லாந்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். வீட்டு மனை விலை ஏறிக்கொண்டிருந்த வருடங்களில் கட்டுமானக்காரர்கள் குதிரை வாங்கிக் குவித்தார்கள். மனை விலை சரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தார்கள், வாங்க ஆளில்லை, அந்த நாட்டில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையே வெகுவாகக் குறைந்தது. உங்கள் தொழிலுக்கு நெருக்கடி வரும் அதே மாதத்தில்தான் குதிரையை நல்ல விலைக்கு விற்கவும் முடியாமல் போகும். இரண்டு வருடச் செலவு தனியே இருந்தால் குதிரைக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

இதைச் சரியாகச் செய்தவர் என்று நான் எப்போதும் சொல்லும் பெயர் டிரெவர் ஹெமிங்ஸ். 1935-ல் பிறந்தவர், இங்கிலாந்தில் கொத்தனாரிடம் வேலை பழகும் பையனாக ஆரம்பித்து வீடு கட்டும் தொழிலில் நிமிர்ந்தவர். ஒரு கட்டத்தில் பிளாக்பூல் கடற்கரையின் புகழ்பெற்ற கோபுரமான பிளாக்பூல் டவரே அவர் வசம் இருந்தது. அவருடைய ஆசை ஒன்றே ஒன்று, லிவர்பூல் பக்கத்தில் எயின்ட்ரீயில் ஓடும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை ஜெயிப்பது. 4 மைலுக்கு மேல் தூரம், 30 தடைகள். ஹெட்ஜ்ஹன்டர் என்ற அவருடைய குதிரை 2004-ல் கடைசித் தடை வரைக்கும் முன்வரிசையில் வந்து அங்கே விழுந்தது. அந்தக் குதிரையை யாரும் தூக்கிப் போடவில்லை, பயிற்சியாளரை மாற்றவும் இல்லை. அடுத்த வருடம் அதே குதிரை, அதே பயிற்சியாளர் வில்லி மலின்ஸ், 14 குதிரை நீள வித்தியாசத்தில் வெற்றி. அதற்குப் பிறகு 2011-ல் பாலாபிரிக்ஸ், 2015-ல் மெனி கிளவுட்ஸ் என்று மொத்தம் மூன்று முறை அந்தக் கோப்பை அவர் வீட்டுக்குப் போனது. 2021-ல் காலமானார். பணம் எவ்வளவு போட்டார் என்பதைவிட, எதற்காகக் குதிரை வைத்திருக்கிறோம் என்பதில் அவருக்கு இருந்த தெளிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தடை தாண்டும் குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை, ஓய்வு பெற்றபின் இனப்பெருக்கத்தில் ஒரு காசு வராது. அது தெரிந்தே அந்தப் பக்கம் போனவர் அவர்.

நீங்களும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். சனிக்கிழமை குடும்பத்தோடு ரேஸ்கோர்ஸ் போய் சொந்தக்காரராக நீங்கள் தேர்ந்தெடுத்த நிறச் சட்டையில் ஒரு ஜாக்கி உங்கள் குதிரை மேல் வருவதைப் பார்க்க வேண்டுமா? ஒரு பெரிய பந்தயத்தை வாழ்க்கையில் ஒருமுறை ஜெயிக்க வேண்டுமா? பெண் குதிரைகளை வாங்கி ஓடவிட்டு, பிறகு தாய்க்குதிரைகளாக வைத்து வம்சம் வளர்க்க வேண்டுமா? மூன்றுக்கும் வாங்கும் குதிரை வேறு, பார்க்கும் பயிற்சியாளர் வேறு, ஆகும் செலவும் வேறு. லாபம் சம்பாதிக்க என்று பதில் வந்தால் இன்னொரு மனை வாங்குங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பெரும்பாலான குதிரைகள் தம் பராமரிப்புச் செலவைக்கூடச் சம்பாதிப்பதில்லை.

அப்புறம், முழுக் குதிரையையும் ஒரே ஆள் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம், பெரிய கூட்டமைப்பில் சின்னப் பங்கு எடுக்கலாம், குத்தகைக்கு எடுத்து ஓடவிடலாம். முதல் குதிரைக்குப் பங்குதான் நல்லது என்பது என் கருத்து. கூட்டு முயற்சியில் கட்டடம் கட்டியவர்களுக்கு ஒப்பந்தம் எழுதத் தெரியும், அந்த அனுபவம் இங்கே அப்படியே உதவும். யார் முடிவெடுப்பது, காயடிப்பதற்கு எத்தனை பேர் சம்மதம் வேண்டும், ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு விலை எப்படி வைப்பது, மாதச் செலவைக் கட்டாதவரை என்ன செய்வது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நண்பர்கள்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டால், குதிரை ஜெயிக்க ஆரம்பித்து ஒருவர் நல்ல விலை சொல்லிக் கேட்கும் அன்றுதான் சண்டை வரும், தோற்கும்போது வராது.

குதிரைக்கு முன்னால் பயிற்சியாளரைப் பிடியுங்கள். நிறையப் பேர் குதிரையை வாங்கிவிட்டு இடம் தேடுகிறார்கள், அது தலைகீழ். நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் விடியற்காலையில், குதிரைகள் ஓட்டப் பயிற்சி முடித்து லாயத்துக்குத் திரும்பும் நேரத்தில். ஒரு நல்ல பயிற்சியாளர் ஒவ்வொரு குதிரையாக நின்று, குனிந்து, முன்னங்காலின் பின்பக்கம் முழங்காலுக்குக் கீழே இருந்து குளம்பு வரை உள்ளங்கையை மெதுவாக இறக்குவார். அங்கே ஓடும் தசைநாணில் லேசான சூடோ, விரலுக்கு மட்டும் தெரியும் சின்ன வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. அந்தச் சூட்டை இன்று கண்டுபிடித்தால் சில நாள் ஓய்வோடு போகலாம், நாளை வேகமாக ஓடவிட்டுத் தசைநாண் கிழிந்தால் குதிரை ஏறத்தாழ ஒரு வருடம் ஓடாது, திரும்பி வந்தாலும் பழைய குதிரையாக வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லாயத்தில் குதிரைகள் எப்படி நிற்கின்றன என்றும் கவனியுங்கள். ஆள் வந்தால் காதை முன்னே நீட்டி எட்டிப் பார்க்கின்றனவா, இல்லை மூலையில் திரும்பி நிற்கின்றனவா? தீவனத் தொட்டி காலியாக இருக்கிறதா? பராமரிப்பாளர்கள் வருடக்கணக்காக அங்கேயே இருப்பவர்களா, மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார்களா? கட்டடம் கட்டும் இடத்துக்குள் நுழைந்த ஐந்து நிமிடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடும் உங்கள் கண் இங்கேயும் பொய் சொல்லாது.

பணம் பற்றியும் வெளிப்படையாகக் கேளுங்கள். மாதக் கட்டணம் என்று சொல்வதில் மருத்துவர், லாடம், வண்டி, பந்தய நுழைவுக் கட்டணம், ஜாக்கி கூலி பெரும்பாலும் அடங்காது. பரிசு வந்தால் பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் தனித்தனியே ஒரு பங்கு போகும், பல இடங்களில் ஆளுக்குச் சுமார் 10 சதவீதம். பில்லை மாதாமாதம் நாள் தவறாமல் கட்டுங்கள். ஒப்பந்தக்காரரை 90 நாள் இழுத்தடித்துப் பழகியிருந்தால் அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள், இங்கே இழுத்தடித்தால் கடைசியில் பாதிக்கப்படுவது உங்கள் குதிரையின் தீவனம்.

இப்போது குதிரை. எந்த வயதில் வாங்குவது என்பதில்தான் ரிஸ்க் அடங்கியிருக்கிறது. ஒரு வயதுக் குட்டியாக ஏலத்தில் வாங்கினால் அது ஓடி யாரும் பார்த்ததில்லை, வம்சமும் உடல் அமைப்பும் மட்டும்தான் கையில். இரண்டு வயதில் சிறு தூரம் ஓடவிட்டுக் காட்டி விற்கும் ஏலங்கள் உண்டு, வேகம் தெரியும், ஆனால் அந்தச் சில வினாடி வேகத்துக்காக இளம் எலும்பை எவ்வளவு அழுத்தியிருக்கிறார்கள் என்பது தெரியாது. 2006-ல் அமெரிக்காவில் தி கிரீன் மங்கி என்ற குட்டி ஒரு ஃபர்லாங்கை, அதாவது சுமார் 200 மீட்டரை, 9.8 வினாடியில் ஓடிக் காட்டியது, 1.6 கோடி டாலருக்கு ஏலம் போனது. மூன்று பந்தயம் ஓடி ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, மொத்தப் பரிசு 10,440 டாலர். 1983-ல் 1.02 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஸ்னாஃபி டான்சர் பந்தயத் தளத்தில் கால் வைக்கவே இல்லை. அதே நாட்டில் 1975-ல் வெறும் 17,500 டாலருக்கு ஒரு மரத்தொழில்காரர் தம்பதியும் ஒரு கால்நடை மருத்துவர் தம்பதியும் தொடர்புடைய குழு வாங்கிய சியாட்டில் ஸ்லூ, 1977-ல் ஒரு தோல்விகூட இல்லாமல் டிரிபிள் கிரவுன் எனப்படும் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது. இதனால் மலிவு நல்லது என்று அர்த்தமில்லை. நிலத்தில் விலை ஓரளவுக்குத் தரத்தைச் சொல்லும், பக்கத்து மனை எவ்வளவுக்குப் போனது என்று பார்த்துச் சரிபார்க்கலாம், ஓடாத குட்டிக்குப் பக்கத்து மனை கிடையாது.

அதனால் முதல்முறை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குதிரையை வாங்குங்கள். ஓடிய பதிவு இருக்கும், எந்தத் தூரம், எந்தத் தரை, எந்த வகுப்பு என்று படித்துப் பார்க்கலாம், சில வாரத்திலேயே உங்கள் பெயரில் ஓடும். கனவு கொஞ்சம் சின்னது, ஏமாற்றமும் சின்னது. நல்லதாக இருந்தால் ஏன் விற்கிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் நம்பும்படியான பதில் கிடைக்க வேண்டும். பெரிய லாயங்கள் இடம் போதாமல் தங்கள் தரத்துக்குக் கொஞ்சம் கீழே உள்ளவற்றைக் கழிப்பது சாதாரணம், அது நல்ல பதில். மூச்சுக் கோளாறு, திரும்பத் திரும்ப நொண்டுவது, இவை யாரும் தானாகச் சொல்லாத பதில்கள்.

ஏலப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்வது கடினமில்லை, தாய்ப் பத்திரம் படித்த கைக்கு இது சுலபமாகவே வரும். பக்கத்தின் மேலே தகப்பன் குதிரை பற்றிச் சில வரி இருக்கும், அதற்குக் கீழே முழுப் பக்கமும் தாய் வழிதான். முதல் தாய், அதன் தாய், அதற்கும் தாய் என்று படிப்படியாக, ஒவ்வொன்றின் குட்டிகளும் என்ன ஜெயித்தன என்று. காரணம் எளிது, ஒரு பொலிக்குதிரைக்கு ஒரே வருடத்தில் 100-க்கு மேல் குட்டிகள் பிறக்கலாம், தாய்க்குதிரை 11 மாதம் சுமந்து வருடத்துக்கு ஒன்றுதான் ஈனும். தகப்பன் ஒன்றாக இருந்தால் மட்டும் குதிரை உலகில் உடன்பிறப்பு என்று சொல்லவே மாட்டார்கள், தாய் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய பந்தயங்களில் ஜெயித்த உறவுகளின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். அந்தத் தடித்த எழுத்து எந்தத் தாயின் கீழ் வருகிறது என்று பாருங்கள். முதல் தாயின் கீழ் இருந்தால் மதிப்பு. மூன்றாம் தாயின் கீழ் மட்டும் இருந்து, முதல் தாயின் குட்டிகள் ஐந்து ஓடி ஒன்றும் ஜெயிக்கவில்லை என்றால், பக்கம் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே சரக்கு இல்லை. பிறந்த தேதியையும் பாருங்கள். வடக்கு அரைக்கோளத்தில் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும், தெற்கில் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆகஸ்ட் 1. வடக்கில் மே மாதம் பிறந்த குட்டி, ஜனவரியில் பிறந்ததோடு ஒரே வயதாகத்தான் ஓடும். அது சின்னதாகத் தெரிந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள், வளர இன்னும் இடம் இருக்கிறது.

பிறகு நடையைப் பாருங்கள். குதிரையை நிற்கவைத்துப் பார்ப்பது கொஞ்ச நேரம் போதும், நடக்கவைத்துப் பார்ப்பதுதான் முக்கியம். உங்களை நோக்கி நேராக வரச் சொல்லுங்கள், முன்கால்கள் நேராக விழுகின்றனவா, உள்ளே வெளியே சுழல்கின்றனவா என்று தெரியும். அப்புறம் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மண்ணில் முன்குளம்பு பதித்த தடத்தை அதே பக்கப் பின்குளம்பு தாண்டி விழ வேண்டும். நல்ல நடை உள்ள குட்டி அவசரமில்லாமல், தலையை ஆட்டிக்கொண்டு, இடுப்பு தளர்ந்து ஆட நடக்கும், பின்கால் அந்தத் தடத்தை நன்றாகவே தாண்டி விழும். பக்கவாட்டில் பார்க்கும்போது முன்முழங்கால் பின்பக்கமாக வளைந்திருந்தால் நான் வாங்க மாட்டேன், முழு வேகத்தில் அந்த மூட்டின் மேல் வரும் பாரம் மிகவும் அதிகம். குளம்புகள் ஜோடியாக இருக்க வேண்டும். இவ்வளவையும் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை, இந்த முறை கண்ணையும் காதையும். புது இடத்தில், நூறு பேர் நடுவில், நெளியாமல் சுற்றிப் பார்க்கும் குதிரைக்குப் பந்தய நாளில் பாதிச் சக்தி நடுக்கத்திலேயே வீணாகாது.

மருத்துவப் பரிசோதனை இல்லாமல் கை தூக்காதீர்கள். மூட்டுகளின் எக்ஸ்ரே, இதயத் துடிப்பு, முக்கியமாகக் குரல்வளைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது. குதிரை மூக்கு வழியாக மட்டும்தான் மூச்சு விடும், வாயால் முடியாது. குரல்வளையின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தால் ஓடும்போது கரகரவென்று சத்தம் வரும், காற்று போதாமல் கடைசித் தூரத்தில் நின்றுவிடும். மரத்தைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குவது, நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் ஆடுவது மாதிரியான பழக்கங்களை விற்பவர் அறிவிக்க வேண்டும் என்று பெரிய ஏலங்களில் விதி உண்டு. அந்த விதிகளை முன்கூட்டியே படியுங்கள், எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதும் அதில்தான் இருக்கும்.

தரகர் வைத்துக்கொள்ளலாம், வழக்கமாக 5 சதவீதம் கேட்பார்கள். இரண்டு பக்கமும் காசு வாங்கும் தரகர்களை நிலத்தில் பார்க்காதவர் யார்? இங்கேயும் உண்டு. விற்பவரிடம் எதுவும் பெறவில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏலத்துக்குப் போகும் முன் அதிகபட்ச விலையை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள், அதைத் தாண்டினால் எழுந்து போய்விடுங்கள், அடுத்த குதிரை வரும். ஏலச் சுத்தியல் விழுந்த நொடியிலிருந்து குதிரைக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் வாங்கியவர் பொறுப்பு, ஆகவே காப்பீட்டை முதல் நாளே பேசி முடித்து வையுங்கள்.

பெயர், சட்டை நிறம் எல்லாம் பதிவு செய்வது எளிது. பெயர் பல நாடுகளில் இடைவெளி உட்பட 18 எழுத்துக்குள் இருக்க வேண்டும், புகழ்பெற்ற குதிரைகளின் பெயரைத் திரும்ப வைக்க விடமாட்டார்கள்.

குதிரை லாயத்துக்குப் போனபின் உங்கள் வேலை காத்திருப்பது. சொந்தக் காலில் நின்று மேலே வந்தவர்களுக்கு இதுதான் கஷ்டம், எல்லாவற்றையும் தானே முடுக்கிப் பழகியவர்கள். ஒரு தளம் தாமதமானால் கூடுதல் ஆளைப் போட்டு வேலையை முடிக்கலாம், இரண்டு வயதுக் குதிரையின் எலும்புக்குக் கூடுதல் ஆள் போட முடியாது. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் வலி வந்தால் ஓய்வுதான் மருந்து. வாரம் ஒருமுறை போனில் கேளுங்கள், மாதம் ஒருமுறை நேரில் போங்கள், கேள்வி கேளுங்கள், ஆனால் எந்தப் பந்தயத்தில் எப்போது ஓட வேண்டும் என்பதை அவரிடம் விடுங்கள். விருந்தினர்களை அழைத்துவிட்டேன், அதனால் இந்த சனிக்கிழமை ஓடியே ஆக வேண்டும் என்று பயிற்சியாளரை நெருக்கும் சொந்தக்காரரால்தான் குதிரை கெடும். தகுதிக்கு மேலான பந்தயத்தில் இறக்கச் சொல்வதும் அப்படித்தான். திறமையான குதிரைக்கு அதிக எடை ஏற்றிச் சமன் செய்யும் பந்தயங்களில் நடுத்தரக் குதிரைக்கும் ஜெயிக்க வழி உண்டு, அங்கே ஜெயித்தாலும் அந்த மகிழ்ச்சி ஒரு துளிகூடக் குறையாது.

கடைசிப் பகுதியை வாங்கும் முன்பே யோசித்து வையுங்கள். ஆபத்து உண்மையானது. ஹெமிங்ஸின் மெனி கிளவுட்ஸ் 2017 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்ட்டனம் பந்தயத் தளத்தில் ஒரு பெரிய பந்தயத்தை ஜெயித்த சில நிமிடங்களில் நுரையீரல் ரத்தக்கசிவால் இறந்துபோனது, அந்த நாளை இன்றும் நினைத்தால் மனது கனத்துவிடும். அப்படி ஆகாமல் நல்லபடியாக ஓய்வு பெற்றால் அதற்குப் பிறகும் நீண்ட ஆயுள் இருக்கிறது. கிராண்ட் நேஷனலை 1973, 1974, 1977 என்று மூன்று முறை வென்ற ரெட் ரம் 30 வயது வரை இருந்தது. ஆறு வயதில் ஓட்டத்தை நிறுத்தும் குதிரைக்கு இன்னும் 20 வருடம் சோறு போட யாராவது வேண்டும், அது உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு பரிசிலிருந்தும் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்குங்கள், பரிசு வராத வருடம் கையிலிருந்து போடுங்கள். சவாரிப் பள்ளிக்கோ தனி ஆளுக்கோ கொடுப்பதானால் முதலில் மறுபயிற்சி கொடுக்கும் இடத்தில் சில மாதம் விடுங்கள், பந்தயத்தில் பாய மட்டுமே தெரிந்த குதிரை உடனே சாதாரண சவாரிக்குப் பழகாது. கொடுக்கும்போது மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: மறுபடி பந்தயத்தில் ஓடவிடக்கூடாது, உங்களிடம் சொல்லாமல் வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் முதலில் உங்களிடம்தான் திருப்பித் தர வேண்டும். குதிரையின் அடையாளப் புத்தகத்தில் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.